கொர்பான் என்னும் உபயம்

'பெரியவர்' என்பது தமிழ் நமக்குத் தந்த அருமையான சொற்களுள் ஒன்று. வயதில் மூத்தவரையும் அதுவே குறிக்கும். பண்பில் உயர்ந்தவரையும் அதுவே குறிக்கும். ஆண்டுகள் ஏற ஏற மனிதர் பெரிதாகிறார் என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. அந்தச் சொல்லைத்தான் இன்று 'பெருசு' ஆக்கிவிட்டோம். உயர்திணை அஃறிணையாயிற்று. பேருந்துப் படியில் கால் தூக்கி வைக்கத் தடுமாறும் முதியவரைப் பார்த்து, "ஏ பெருசு, சீக்கிரம் ஏறு" என்று நடத்துனர் கூவுகிறார், வண்டியே சிரிக்கிறது. இளைஞரின் விளையாட்டுப் பேச்சு என்று இதனை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு சமுதாயம் தன் முதியோரை எந்தத் திணையில் வைத்துப் பேசுகிறதோ, அந்தத் திணையில்தான் வைத்து நடத்தவும் செய்யும்.

இளமையைப் போற்றுவது தவறன்று. தவறு, இளமையை மட்டுமே மனித மதிப்பின் அளவுகோலாக்குவது. நாற்பதைக் கடந்த ஒருவரைப் பார்த்து, "உங்களுக்கு வயதே தெரியவில்லையே" என்கிறோம், அவரும் மகிழ்ந்துபோகிறார். வயது தெரிவது ஒரு குற்றம் என்று இருவரும் ஒப்புக்கொண்டதால்தானே அது பாராட்டாகிறது? தலைக்குச் சாயம் பூசாமல் திருமண வீட்டிற்குப் போகத் தயங்கும் ஆண்களை நாம் அறிவோம். திரையில் அறுபது கடந்த கதாநாயகருக்கு இருபது வயதுக் கதாநாயகி. அதே நாயகரோடு முன்னாளில் இணையாக நடித்த நடிகைக்கு இன்று தாய் வேடம், அதுவும் கிடைத்தால். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950-இல் பிறந்த ரஜினிகாந்த் திரைக்கு வெளியே வழுக்கைத் தலையும் வெண்தாடியுமாக, ஒளிவுமறைவின்றி நடமாடுகிறார். அவருடைய வயதொத்த இரசிகர்கள்தாம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாயம் குழைக்கின்றனர்.

சங்கப் புலவர் பிசிராந்தையாரிடமும், வயது பல ஆகியும் நரையில்லாதிருப்பது எப்படி என்று கேட்டார்கள். அவர் தைலம் எதனையும் சொல்லவில்லை. இல்லத்தாரின் பண்பையும், நல்ல அரசையும், ஊரிலுள்ள சான்றோரையும் காரணமாகக் காட்டினார். புறநானூறு காத்துவைத்திருக்கும் அந்த விடையின்படி, நரை தலையில் தோன்றுவதன்று; சுற்றியிருப்போர் தருவது.

ஔவையாரையும் எண்ணிப் பார்ப்போம். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் அவருக்கு ஈந்தான் என்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கின்றனர். அந்தச் சங்க ஔவை முதுமகள் என்பதற்குச் சான்றில்லை என்றும், ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் பலர் இருந்தனர் என்றும் அறிஞர் கூறுவர். ஆயினும் மக்கள் மனம் அவரை முதியவராகவே சமைத்துக்கொண்டது. மணவினையைத் தவிர்ப்பதற்காக முதுமையை வரமாகக் கேட்டுப் பெற்றார் என்று கதையும் கட்டிற்று. அறத்தை உரைக்க ஒரு குரல் வேண்டியிருந்தபோது, தமிழர் அக்குரலுக்குத் தந்த உருவம் கோலூன்றிய ஒரு பாட்டியின் உருவம். இன்று அறம் உரைக்க யாரைத் தேடுகிறோம் என்பதை விளம்பரப் பலகைகளைக் கேட்டால் சொல்லும்.

இவ்வளவும் சொன்னதால், "நம் முன்னோர் முதியோரைத் தெய்வமாகப் போற்றினர், மேல்நாட்டுப் பண்பாடுதான் கெடுத்துவிட்டது" என்று மேடைதோறும் முழங்குவோரின் கட்சியில் நம்மைச் சேர்த்துவிட வேண்டாம். 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த செய்திகள் நாட்டை உலுக்கின. படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிர்நீரில் குளிப்பாட்டி, இளநீரை அளவின்றிப் புகட்டிச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' என்ற வழக்கம் சில ஊர்களில் ஓசையின்றி நிலவியது வெளிவந்தது. அதனை மேல்நாட்டிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. அது நம் மண்ணில் விளைந்தது. அதனை மையமாக வைத்து எடுக்கப்பட்டு, 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற திரைப்படத்தின் பெயர் 'பாரம்'.

பாரம்! இந்தச் சொல்லின்மேல் சற்று நிற்போம். பத்துக் கட்டளைகளுள் நான்காவது, தாய் தந்தையரை மதிக்கப் பணிக்கிறது. அங்கே மூல எபிரேயத்தில் வரும் வினைச்சொல்லின் வேருக்குப் 'பளு' என்பதே பொருள். மதித்தல் என்றால் ஒருவருக்கு உரிய எடையைத் தருதல். அவரை இலேசாக எண்ணாதிருத்தல். தமிழிலும் இந்த உறவு உண்டு. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'கனம்பண்ணுதல்' என்ற சொல்லைக் கேட்டிருப்போம்; அமைச்சர்களையும் நீதிபதிகளையும் 'கனம்' என்று அடைமொழியிட்டு அழைத்த காலமும் இருந்தது. எடையும் மதிப்பும் ஒரே சொல்லில் குடியிருந்தன. முதியவர் கனமானவர் என்பது உண்மையே. அந்தக் கனத்தை மதிப்பு என்று விவிலியம் வாசித்தது. சுமை என்று நாம் வாசிக்கிறோம்.

இந்தக் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் சிறுவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். சீனாய் மலையடியில் அது முதன்மையாக உரைக்கப்பட்டது சிறுவருக்கு அன்று. வளர்ந்து, மணமுடித்து, நிலமும் மந்தையும் கைக்கு வந்துவிட்ட மக்களுக்கு. உழைக்க முடியாமற்போன பெற்றோருக்கு உணவும் உறைவிடமும் மரியாதையும் உறுதிசெய்வதே அதன் உள்ளீடு. தந்தை முதுமையில் அறிவு தடுமாறினாலும் அவரை இகழாதே என்று சீராக்கின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தில் அறிவுறுத்துவது, மறதிநோய் கண்ட தந்தையின் ஐம்பது வயது மகனிடம் அன்றோ?

இனி நம் வீடுகளுக்குள் வருவோம். பழைய வீட்டில் முதியவருக்கென்று ஓரிடம் இருந்தது. அதன் பெயர் திண்ணை. வீட்டிற்கும் தெருவிற்கும் நடுவே அமர்ந்து அவர் இரண்டையும் காத்தார். கடன் கேட்டு வந்தவரும், பெண் பார்க்க வந்தவரும், வழி கேட்டு வந்தவரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். இன்றைய கான்கிரீட் வீட்டில் அந்த இடத்தில் வண்டி நிற்கிறது. வண்டிக்கு முன்புறம் இடம் ஒதுக்கிய நாம் முதியவரைப் பின்கட்டிற்கு அனுப்பினோம். முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்லும் எந்தப் பங்குத்தந்தையைக் கேட்டாலும் இதைச் சொல்வார். முன்னறையில் சுவரளவு தொலைக்காட்சி. அதைத் தாண்டி, சமையற்கட்டைத் தாண்டி, அரிசி மூட்டைக்கும் பழுதான தையல் எந்திரத்திற்கும் இடையே ஒரு கட்டில். நற்கருணை வாங்கிய பிறகும் பாட்டியின் கை நம் கையை விடுவதில்லை. "சாமி, கொஞ்சம் இருங்க." சொல்ல அவரிடம் பெரிய செய்தி ஒன்றுமில்லை. கடந்த முதல் வெள்ளிக்குப் பின் தம்மிடம் யாராவது அமர்ந்து பேசினார்களா என்பதைத்தான் அந்தக் கை சொல்கிறது. சோறு வருகிறது, மருந்து வருகிறது, கைபேசியில் மகனின் முகமும் ஞாயிறு தோறும் வருகிறது. ஆள்தான் வருவதில்லை.

வறுமையால் நேரும் புறக்கணிப்பைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், தாயைத் தனியே விட்டுச் செல்லும் மகளைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. நம் சினம் வசதியுள்ளோர் பக்கம் திரும்புகிறது. அதிலும் கோயிலுக்கு வாரி வழங்கும் வசதியுள்ளோர் பக்கம்.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை, என்று அறிவித்துவிட்டால் அதன்பின் பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றொரு வழி அன்று இருந்தது. பக்தியின் முத்திரை பதித்த ஏய்ப்பு அது. அதைச் சுட்டிக்காட்டி, கடவுளின் கட்டளையையே நீங்கள் வெறுமையாக்குகிறீர்கள் என்று ஆண்டவர் பரிசேயரையும் மறைநூல் அறிஞரையும் கண்டித்தார். பெற்றோரின் பங்கிலிருந்து பிடுங்கிய பொருள், கோயில் வாசலைத் தாண்டியதால் தூய்மையடைந்துவிடாது.

நம் திருவிழாக்களில் கொர்பானுக்கு வேறொரு பெயர், உபயம். கொடியேற்ற உபயம், சப்பர உபயம், வாணவேடிக்கை உபயம், நவநாள் ஒவ்வொன்றுக்கும் உபயம். குழல் விளக்கில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் நிற்கும். கொடுக்கும் மனம் நல்லது. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் கொடுப்பவரின் வீட்டுப் பின்கட்டில் யார் கிடக்கிறார் என்று கேட்காமல் வாங்குவது எப்படிச் சரியாகும்?

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் நம்மைத் தேடி வந்தார். "சாமி, பீடத்துக்குத் தங்க முலாம் பூச எவ்வளவு ஆகும்? முழுச் செலவும் என்னோடது" என்றார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டோம். மாவட்டத் தலைநகரில் ஒரு கட்டண இல்லத்தில் இருப்பதாகச் சொன்னார். இந்த விடுமுறையில் போய்ப் பார்த்தாயிற்றா என்றோம். நேரம் அமையவில்லை என்றார். "முதல்ல அங்கே போயிட்டு வாங்க, பீடம் எங்கேயும் போகாது" என்றதற்கு அவர் முகம் சுருங்கியது. "சாமி, அது வேற, இது வேற" என்றார்.

அது வேறு, இது வேறு! கொர்பானின் இறையியல் முழுவதும் இந்த நான்கு சொற்களில் அடங்கிவிடுகிறது. அது வேறன்று, இதுவும் வேறன்று என்பதைச் சொல்லத்தான் நாசரேத்தூர்த் தச்சர் நம்மிடையே வந்தார். தாம் சிலுவையில் தொங்கும் நேரத்திலும் தம் தாயை யார் வீட்டில் சேர்ப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டே அவர் உயிர்விட்டார். அந்த அன்பர் அதன்பின் வரவில்லை. நம் பீடம் இன்றும் பழைய சுண்ணாம்புப் பூச்சோடுதான் இருக்கிறது. திருப்பலிக்கு அதனால் குறை ஒன்றும் நேரவில்லை.

இங்கே மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். பிள்ளைகள் பிழைப்புக்காக வெளிநாடு சென்றிருக்க, யார் பார்ப்பது? நியாயமான கேள்வி. முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. உடனிருந்து பார்க்க ஆளில்லாத நோயாளிக்குத் தேர்ந்த கைகள் கிடைக்கும் இல்லம் ஓர் அருள். 1839-இல் பிரான்சு நாட்டின் செயிண்ட் செர்வான் நகரில், பார்வையிழந்து கைகால் விளங்காதிருந்த ஒரு முதிய கைம்பெண்ணைத் தம் வீட்டிற்குச் சுமந்து வந்து தம் கட்டிலிலேயே கிடத்தினார் ஜான் ஜுகன் என்ற ஏழைப்பெண். 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை அந்தக் கட்டிலிலிருந்துதான் பிறந்தது. தாம் தொடங்கிய சபையிலேயே தலைமையிலிருந்து ஒதுக்கப்பட்டு, பெயர் தெரியாத முதியவராக வாழ்ந்து 1879-இல் அவர் இறந்தார். 2009-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இல்லத்தில் சேர்ப்பதற்கும் இல்லத்தில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு, சேர்த்தபின் எத்தனை முறை போய்ப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

மற்றொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. அதைச் சொல்வோர் மருமகள்கள். மாமியாரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இரவில் விழித்து உழைப்பவள் அவள். ஊர்ப் பாராட்டைப் பெறுவது மகன். கட்டளை மகனுக்குத் தரப்பட்டிருக்க, அதன் உழைப்பு முழுவதும் வேறொரு வீட்டிலிருந்து வந்த பெண்ணின் தோளில் ஏறுகிறது. தன் தாயின் படுக்கை விரிப்பை ஒரு நாளேனும் மாற்றியிராத ஆண், தாய்ப்பாசத்தைப் பற்றி அன்பியக் கூட்டத்தில் உரையாற்றுவதை நாம் பொறுத்துக்கொள்வதில்லை. அந்த மருமகளுக்குத் தன் பெற்றோரும் உண்டு என்பதும் பலருக்கு நினைவில் இல்லை.

சட்டம் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு ஆணையிட அச்சட்டம் வழி செய்தது. பேணுவேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தைப் பேணாவிடில் திரும்பப் பெறலாம். கைவிட்டவருக்கு 3 மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ உண்டு. அரசு முதியோர் உதவித்தொகையையும் தமிழகம் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் நாம் அறிந்தவரை நம் முதியோருள் பெரும்பாலோர் மனுக் கொடுப்பதில்லை. பெற்ற பிள்ளையைக் கோட்டாட்சியர் முன் நிறுத்துவதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று எண்ணுகின்றனர். இந்த மௌனத்தைப் பிள்ளைகள் சம்மதமாகக் கணக்கிட்டுக்கொள்கின்றனர்.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் அறுபது கடந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம்; நாட்டின் மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. தமிழகத்தில் அது 10.4 விழுக்காடு. அதற்குப் பின் இவ்விகிதம் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஞாயிறு முதல் திருப்பலியில் பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தாலே இது விளங்கும்.

ஆலயத்தைப் பற்றியும் ஒரு சொல். "இளைஞரே திருச்சபையின் எதிர்காலம்" என்று சுவரொட்டி அடிக்காத பங்கு இல்லை. நல்லது. ஆனால் திருச்சபை தன் குருக்களுக்கு இட்ட முதற்பெயர் என்ன? கிரேக்கத்தில் 'பிரஸ்பித்தெரோஸ்', மூப்பர், முதியவர் என்பதே அதன் பொருள். இருபத்தேழு வயதில் அருள்பொழிவு பெறும் இளைஞனையும் நாம் 'மூப்பர்' என்றே திருநிலைப்படுத்துகிறோம். குழந்தை இயேசுவை எருசலேம் கோவிலில் அடையாளம் கண்டவர்கள் சாவை எதிர்நோக்கியிருந்த சிமியோனும், எண்பத்து நான்கு என்ற எண்ணோடு லூக்கா குறிப்பிடும் கைம்பெண் அன்னாவும். அன்று கோவிலில் இளைஞரும் இருந்திருப்பர். அவர்கள் கண்ணில் அந்தக் குழந்தை படவில்லை.

உலக இளையோர் நாளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986-இல் தொடங்கினார். அவரே 1999 அக்டோபர் 1-ஆம் நாள், தம் 79-ஆம் வயதில், முதியோருக்கு ஒரு மடல் வரைந்தார். ஆயினும் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாள் ஒன்று வர 2021 வரை, திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. புனித சுவக்கின், அன்னா திருநாளை ஒட்டிய ஜூலை நான்காம் ஞாயிறு அந்நாள். எத்தனை பங்குகளில் அது அறிவிப்போடு நின்றுவிடுகிறது! நாம் அறிந்த பங்குப் பேரவைகளில் இளையோருக்குச் சார்பாளர் உண்டு, மகளிருக்கு உண்டு, பக்த சபைகள் ஒவ்வொன்றுக்கும் உண்டு; முதியோர் சார்பில் பேச ஒருவர் இல்லை. தவக்காலத்தில் பசாம் பாடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். மின்விசைப் பலகையின் முழக்கத்தில் அவர்களுடைய குரல் எடுபடாது என்று சொல்லி, அவர்களைப் பாடகர் குழுவிற்கு வெளியே உட்காரவைத்துவிட்டோம். அவர்கள் போனபின் அந்த இராகங்களை எங்கே போய்த் தேடுவது?

நோயில்பூசுதல் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயரை இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் மாற்றியதே, அது சாகும் நொடிக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்த்தத்தான். கொடிய நோய் இல்லாவிடினும் முதுமையால் தளர்ந்தோருக்கு அதனை வழங்கலாம் என்று 1972-இல் வந்த சடங்குமுறையே சொல்கிறது. இருந்தும் குருவானவரை அழைத்தால் பாட்டி பயந்துவிடுவார் என்று சாக்குச் சொல்லி, நினைவு தப்பிய பிறகே ஆளனுப்புகின்றனர். பயப்படுபவர் பாட்டியல்லர். முதுமையை ஏறெடுத்துப் பார்க்க அஞ்சும் பிள்ளைகள்தாம்.

முதியோர் பக்கமும் ஒரு வார்த்தை உண்டு. பதவியைப் பிடித்த பிடி விடாமல், சபைத் தலைவர் நாற்காலியில் இருபது ஆண்டுகள் அமர்ந்திருப்பதும் இளமை வழிபாட்டின் மறுபக்கமே. ஆயர்களும் பங்குத்தந்தையரும் 75 வயதில் பணிவிலகல் மடல் தர வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். நடுங்கும் கையோடும் எழாத குரலோடும் 2005 வரை உலகின் கண்முன்னே பணியில் நின்றார் இரண்டாம் யோவான் பவுல். 2013-இல் தம் வலுவின்மையை வெளிப்படச் சொல்லி விலகி, செபத்தில் ஒதுங்கினார் பதினாறாம் பெனடிக்ட். முதுமையை மறைக்க இருவருமே முயலவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை சிறியவை. ஆலயப் படிகளில் பற்றிக்கொள்ள ஒரு கம்பி, முழங்கால் வலிப்போருக்கு முன்வரிசையில் நாற்காலிகள், அன்பியம் தோறும் தனித்திருக்கும் முதியோரின் பட்டியல், அவர்களிடம் வாரம் ஒருமுறை போய் அமர்ந்து பேச இளையோர் இருவர் இருவராக. நம் பங்கில் இவற்றோடு இன்னொன்றும் சேர்த்திருக்கிறோம். வரும் திருவிழாவிற்கு உபயம் எழுதுவோர், பெற்றோர் உயிரோடிருப்பின், அவர்களைக் கைப்பிடித்து அழைத்துவந்து உடன் நிறுத்தியே பெயர் பதிய வேண்டும். நடக்க இயலாதவர் என்றால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நாமே அந்தக் கட்டிலருகே செல்வோம். இல்லத்தில் இருப்பவர் என்றால் இல்லத்திற்குச் செல்வோம். சென்ற ஆண்டு இதே நாளுக்குள் 22 பேர் உபயம் பதிந்திருந்தனர். இவ்வாண்டு இதுவரை 4 பேர். பதிவேடு திறந்தே இருக்கிறது.